அஞ்சு கழிச்சு எழுது

என் தம்பி பொண்டாட்டி பள்ளிக்கூடத்தில் ஓடி வாங்கிய கோப்பைகள் மூன்று. அவள் கல்யாணமாகி வந்த மறுவாரமே அவற்றில் பட்டன் போட்டு வைத்தேன். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் கறுப்பு, ஒன்றில் உடைந்தது. சும்மா கிடக்கிற பாத்திரம் எதற்கு என்று கேட்டேன். அவள் சிரித்தாள். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு அவளைப் பிடித்திருக்கும்.

அவள் நல்ல உயரம். வீட்டில் நெட்டை என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் வீட்டின் முன்னறை தையல் கடை. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் யூனிஃபார்ம் தைக்கிறோம். தம்பி அளவெடுத்து வெட்டுவான், தைப்பான். நான் அளவு நோட்டு எழுதுவேன், காஜா எடுப்பேன், பட்டன் தைப்பேன். புருஷன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு திரும்பி வந்து பதினோரு வருஷமாக இதுதான் என் வேலை. பெட்டியை இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை. நெட்டை கடைப் பக்கம் வரமாட்டாள். சமையல், துணி, பெருக்கல், உள்ளறையில் அப்பா.

அப்பா பக்கவாதத்தில் விழுந்து நாலு வருஷம். நூறு கிலோ மனுஷர், படுத்த பிறகும் ஒரு கிலோ இறங்கவில்லை. ஒரு நாளைக்கு ஆறு தடவை அவரைத் தூக்கி, துடைத்து, புரட்டிப் போட வேண்டும். அக்குளில் ஒருத்தி, முழங்காலுக்கு அடியில் ஒருத்தி. நெட்டை வருவதற்கு முன்னால் தம்பி கை கொடுப்பான். அவள் வந்ததும் அவனுக்கு மூக்கு ஞாபகம் வந்துவிட்டது, நாத்தம் தாங்கலை என்று கழன்றுகொண்டான்.

துறைமுக நிறுவனத்தில் பெண்கள் ஓட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற சேதியைக் கொண்டுவந்தது, அங்கே காவலாளியாக இருக்கிற ஒரு வாடிக்கையாளர். பேண்ட்டின் இடுப்பைத் தளர்த்த வந்தவர் எங்கள் நிம்மதியையும் தளர்த்திவிட்டுப் போனார். நானூறு மீட்டரை அறுபத்திரண்டு நொடிக்குள் ஓடினால் நிரந்தர வேலை. பாதி நாள் அலுவலகம், பாதி நாள் மைதானம். தங்குவதற்குக் குவார்ட்டர்ஸ். இருபத்தைந்து வயது முடிந்திருக்கக் கூடாது. நெட்டைக்கு இருபத்தைந்து முடிய ஆறு மாதம் இருந்தது, தேர்வுக்கு நாலு மாதம். இதை விட்டால் அவ்வளவுதான்.

“நாம ரெண்டு பேரும் குவார்ட்டர்ஸ் போயிடலாம்,” என்றான் தம்பி, என் முன்னாலேயே. “அங்க ஒரு மிஷின் போட்டா போதும். அப்பாவைப் பார்த்துக்க அக்கா இருக்கு.”

அக்கா இருக்கு. கதவு இருக்கு, ஜன்னல் இருக்கு என்பது மாதிரி.

அவன் போனில் நாலு வீடியோ பார்த்து பயிற்சியாளர் ஆகிவிட்டான். கழுத்தில் விசில் தொங்க ஆரம்பித்தது. நானூறு மீட்டர் ஓட நானூறு மீட்டரே ஓடிக்கொண்டிருக்கக் கூடாதாம், துண்டு துண்டாக உடைத்து ஓட வேண்டுமாம். இருநூறு மீட்டர் உயிரைக் கொடுத்து ஓட்டம், பிறகு தொண்ணூறு நொடி ஓய்வு, மறுபடி இருநூறு. இப்படி எட்டு. ஒரு நாள் விட்டு ஒரு நாள். வெட்டுவதுதான் அவன் தொழில், ஓட்டத்தையும் வெட்டினான்.

மைதானத்துக்குக் கட்டணம் கட்ட அவனுக்கு மனசு வரவில்லை. சிமென்ட் கிடங்கின் பின்னால் ஒரு நேர் சாலை உண்டு. ஒரு பக்கம் நீளமான மதில், ஒரு பக்கம் சாக்கடை, விடியற்காலையில் நாய்கூட வராது. அதை நானும் அவனுமாகக் கடை டேப்பை வைத்தே அளந்தோம். ஒன்றரை மீட்டர் டேப். அவன் முன்னால் பிடித்து சாக்பீஸ் கோடு போட, நான் பின்னால் குனிந்து அந்தக் கோட்டில் முனையை வைக்க, இருநூற்று அறுபத்தாறு முழு டேப், அதற்கு மேல் ஒரு மீட்டர். நிமிர்ந்தபோது என் இடுப்பு என்னிடம் இல்லை. ஆரம்பத்தில் ஒரு கோடு, நடுவில் ஒரு கோடு, டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தைத் தாண்டி முடிவுக் கோடு. மூன்றுக்கும் வெள்ளை பெயின்ட் அடித்தான்.

விசில் அவன் கையில், ஸ்டாப் வாட்ச் என் கையில். ஒவ்வொரு இருநூறும் முப்பத்து மூன்று நொடிக்குள் வரவேண்டும். வராவிட்டால் அது கணக்கில் சேராது, கூட ஒன்று ஓடணும். எட்டு என்று ஆரம்பித்து பதினொன்று ஓடிய நாட்கள் உண்டு. ஒன்பதாவதில் நெட்டை மதிலைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பாள். தம்பி பக்கத்தில் போய் நின்று பார்ப்பான்.

“வெறும் தண்ணிதான் வருது. நடிக்காத. துடைச்சிட்டு வா.”

வீட்டுக்குத் திரும்பும்போது நான் அவன் ஸ்கூட்டரில் பின்னால். அவள் முன்னால் ஓட வேண்டும். அவள் வேகம் குறைந்தால் ஹார்ன் அடிப்பான். தெருவில் பால் வாங்க நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு வருகிறவன் மாதிரி வருவான். ஒரு நாள் அவள் கால் பெருவிரல் நகம் கறுத்துக் கழன்று ஷூவுக்குள்ளேயே கிடந்தது. அவனிடம் காட்டினாள். “எடை குறையுது, நல்லதுதான்,” என்றான். நான் சிரித்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சிரிப்பு வந்தது.

எனக்கும் அதில் ஒரு பங்கு இருந்தது. தொண்ணூறு நொடி ஓய்வு என்றால் எண்பத்தைந்திலேயே “ஆச்சு” என்பேன். முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நிற்கிறவளுக்கு வாட்ச் தெரியாது. “அதுக்குள்ளயா அண்ணி?” என்று ஒரு தடவை கேட்டாள். “எனக்கென்ன, வாட்ச் சொல்றதைச் சொல்றேன்,” என்றேன். அவள் நம்பினாள். என் முதுகுவலிக்கு இந்த வீட்டில் எவரும் அஞ்சு நொடி கொடுத்ததில்லை, நான் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும் என்று அப்போது தோன்றியது.

ஓடிவிட்டு வந்ததும் அவள் குளிக்கக்கூடப் போகமாட்டாள். நேராக உள்ளறை. “வாங்க அண்ணி, அப்பாவைத் தூக்கிடலாம்.” தொடை நடுங்கும், ஆனால் கனமான பக்கத்தை அவள்தான் எடுப்பாள்.

மூன்றாவது மாத முடிவில் முழு நானூறும் ஓடவிட்டோம். டிரான்ஸ்ஃபார்மர் கம்பம் வரும்போது மிச்சம் மீதி எல்லாவற்றையும் அள்ளி எறிகிற மாதிரி ஒரு பாய்ச்சல் பாய்ந்தாள். அறுபத்தொன்று புள்ளி நாலு. தம்பி வாட்சை என் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தான். பிறகு தன் பாட்டிலிலிருந்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்தான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவன் கையால் அவளுக்கு எதையாவது கொடுத்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அன்றிலிருந்து ஹார்ன் நின்றது, வசவு நின்றது. வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினான். குவார்ட்டர்ஸுக்கு எந்த மிஷினை எடுத்துப் போவது என்றும் தீர்மானித்துவிட்டான். நல்ல மிஷினைத்தான்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ்கள் ஆறு பேர் அளவு கொடுக்க வந்திருந்தார்கள். தம்பி டேப்பைச் சுற்றிப் பிடித்து எண்ணைச் சொன்னான், நான் எழுதினேன்.

“இடுப்பு எண்பத்திரண்டு.”

எழுபத்தேழு என்று எழுதினேன்.

எங்கள் டேப்பின் கதை இது. முனையில் இருந்த பித்தளைத் தகடு என்றைக்கோ கழன்று, நுனி பிரிந்து நார் நாராகிவிட்டது. தம்பி அதை அஞ்சாம் சென்டிமீட்டர் கோட்டில் கத்தரித்து எறிந்தான். புது டேப் வாங்கச் சொன்னால் கை பழகின டேப் என்பான். டேப் ஆரம்பிப்பதே அஞ்சில்தான், அதனால் எந்த அளவு வந்தாலும் அஞ்சு கழித்து எழுத வேண்டும். ஏழு வருஷமாக இதைச் செய்கிறோம். யோசித்துச் செய்வதில்லை, கை செய்கிறது.

எழுபத்தேழு என்று எழுதிய கை அப்படியே நின்றது. சாலையில் நாங்கள் எண்ணைப் படிக்கவில்லை. முழு டேப்பாக வைத்து வைத்து எண்ணினோம். முழு டேப் ஒன்றரை மீட்டர் இல்லை, அஞ்சு சென்டிமீட்டர் குறைவு. இருநூற்று அறுபத்தாறு தடவை குறைவு. கடைசி ஒரு மீட்டருக்கு மட்டும் தம்பி பழக்கதோஷத்தில் “நூத்தஞ்சுல கோடு” என்று சரியாகக் கழித்தது எனக்கு ஞாபகம் வந்தது. அப்போதுகூட எங்கள் இரண்டு மர மண்டைகளுக்கும் உறைக்கவில்லை. நோட்டின் ஓரத்தில் பெருக்கிப் பார்த்தேன். பதிமூன்று மீட்டர் முப்பது சென்டிமீட்டர்.

நெட்டை ஓடிக்கொண்டிருந்தது நானூறு மீட்டரே இல்லை. உண்மையான நானூறில் அவளுக்கு இரண்டு நொடிக்கு மேல் கூடும். அறுபத்து மூன்றரை.

“என்ன அக்கா, தூங்கிட்டியா? தோள் நாப்பத்தஞ்சு,” என்றான் தம்பி.

நாற்பது என்று எழுதினேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். மூன்று வாரம் குறைந்த காலமில்லை. கோட்டைத் தள்ளிப் போட்டு, புதுத் தூரத்துக்குக் காலைப் பழக்கியிருந்தால் அவள் பிடித்திருப்பாள், அவளால் முடியும். சொன்னால் தம்பி மறுபடி ஹார்னைக் கையில் எடுப்பான், பாவம் அவள் இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறாள் என்று எனக்கு நானே ஒரு நியாயம் தைத்துக்கொண்டேன். அது பொய்த் தையல். அவள் போய்விட்டால் நூறு கிலோவை ஆறு தடவை நான் ஒருத்தி தூக்க வேண்டும். சாகும்வரை. அவர் சாகும்வரையா நான் சாகும்வரையா என்றுகூடத் தெரியாது. கணக்குப் போட்ட ஓரத்தைக் கிழித்து வாயில் போட்டு மென்று துப்பினேன்.

அதற்குப் பிறகு அந்தச் சாலையில் நிற்கும்போதெல்லாம் என் கண் முடிவுக் கோட்டைப் பார்க்காது. அதற்கு அப்பால், மதிலில் காரை பெயர்ந்த ஓர் இடம் உண்டு. அங்கேதான் உண்மையான கோடு இருக்க வேண்டும். அவள் வெள்ளைக் கோட்டில் வந்து விழுந்து, மல்லாந்து படுத்து, “எவ்ளோ அண்ணி?” என்பாள். “அறுபத்தொன்னு,” என்பேன். கண்ணை மூடிச் சிரிப்பாள்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தோம். நான் முதுகைத் துடைத்தேன்.

“அண்ணி, ஒண்ணு சொல்லணும். அவர்கிட்ட சொல்லாதீங்க,” என்றாள். “வேலை கிடைச்சதும் அப்பாவையும் உங்களையும் அங்கயே கூட்டிட்டுப் போயிடலாம்னு இருக்கேன். அந்தக் காவலாளியை விசாரிச்சேன், குவார்ட்டர்ஸ்ல கீழ் வீடு கேட்டா தருவாங்களாம். நிறுவன ஆஸ்பத்திரியிலேர்ந்து தூக்குறதுக்கு ஆள் வருவாங்க. உங்க இடுப்பு போயிடும் அண்ணி, நானும் பார்த்துட்டுத்தானே இருக்கேன்.”

என் கையில் ஈரத்துணி. பாவி, இதை இரண்டு வாரம் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா என்று அவள்மீதே ஆத்திரம் வந்தது. அப்போதும் ஏழு நாள் இருந்தது. ஆனால் சாலை குறைவு என்று சொன்னால் எப்போது தெரிந்தது என்று கேட்பாள். நேற்று என்று சொல்லலாம். என் முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள்.

“சரி, காலைப் பிடி, புரட்டணும்,” என்றேன்.

தேர்வு நாளில் மைதானம் செம்மண் நிறத்தில், வெள்ளைக் கோடுகளோடு, துல்லியமாக இருந்தது. நாங்கள் மூன்று பேரும் போனோம். அப்பாவுக்குப் பக்கத்து வீட்டம்மாவைக் காவல் வைத்திருந்தோம். எட்டு பெண்கள் வரிசையில் நின்றார்கள். நெட்டை என்னைத் தேடிப் பார்த்து, பெருவிரலை உயர்த்திக் காட்டினாள். துப்பாக்கி வெடித்ததும் நான் வாட்சை அழுத்தினேன்.

இருநூறுவரை மூன்றாவது. முந்நூறில் இரண்டாவது. பிறகு அந்தப் பாய்ச்சல். டிரான்ஸ்ஃபார்மர் கம்பம் இல்லாமலேயே அவள் உடம்புக்கு இடம் தெரிந்திருந்தது. மிச்சம் மீதி எல்லாவற்றையும் அள்ளி எறிந்தாள், முதல் ஆளாக முன்னேறினாள். தம்பி என் தோளில் ஓங்கி அடித்துக் கத்தினான். பிறகு கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அவள் முடிந்துபோனாள். நாலு மாதமாக எந்த இடத்தில் நிற்கக் கற்றுக்கொடுத்தோமோ அந்த இடத்தில் அந்தக் கால்கள் நின்றன. தலை பின்னால் சாய்ந்தது, கைகள் தண்ணீருக்குள் அசைகிற மாதிரி அசைந்தன. என் கட்டைவிரல் என்னைக் கேட்காமலே வாட்சை அழுத்திவிட்டது. அறுபத்தொன்று புள்ளி இரண்டு. அதற்குப் பிறகும் அவள் ஓடிக்கொண்டிருந்தாள், நாலு பேர் அவளைத் தாண்டிப் போனார்கள். ஒலிபெருக்கியில் அவள் எண்ணைச் சொல்லி, அறுபத்து மூன்று புள்ளி ஏழு என்றார்கள். நான் என் வாட்சைப் பூஜ்யமாக்கினேன்.

தம்பி வேலியைத் தாண்டிப் போய் அவள்முன் நின்றான். அவள் தரையில் கிடந்தாள்.

“கோடு கண்ணு முன்னாடி இருக்கு. படுத்துட்ட. வேணும்னே படுத்துட்ட.”

“கால் வரலைங்க. ஏன்னு தெரியலை. அங்க வரும், இங்க வரலை.”

“அங்க வரும், இங்க வராது. சம்பளம் வாங்குற இடத்துல மட்டும் வராது.” ஷூவை அவள் காலிலிருந்து அவனே கழற்றினான். “இது எதுக்கு இனிமே?” கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. வெறுங்காலோடுதான் அவளை பஸ் நிறுத்தம்வரை நடத்தி அழைத்து வந்தான். பஸ்ஸில் மூன்று இடம் காலியாக இருந்தும் அவளை உட்கார விடவில்லை.

“என்ன தப்பு பண்ணினேன் அண்ணி?” என்று கம்பியைப் பிடித்துக்கொண்டே கேட்டாள். “அறுபத்தொன்னு ஓடினேன்ல? நீங்கதானே பார்த்தீங்க?”

“பயந்துட்ட,” என்றேன். “சில பேருக்குக் கூட்டத்தைப் பார்த்தா அப்படித்தான்.”

தலையை ஆட்டினாள். அதையும் நம்பினாள்.

இரண்டு மாதத்தில் அவளுக்கு இருபத்தைந்து முடிந்தது. அதற்கும் அடுத்த வாரம் தம்பி அவளைக் கடைக்குள் இழுத்தான். ஓடத்தான் லாயக்கில்லை, உட்காரவாவது செய் என்றான். பள்ளிக்கூட ஆர்டர் குவிந்திருந்தது. டெலிவரி மூட்டையை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டே டேப்பை எடுத்து அவள் கழுத்தில் போட்டான்.

“சாயங்காலம் பசங்க வருவாங்க, நீ அளவெடு, அக்கா எழுதும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்க, இந்த டேப்புல முன்னாடி அஞ்சு கிடையாது. வெட்டியாச்சு. எது வந்தாலும் அஞ்சு கழிச்சு எழுது.”

சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

நெட்டை கழுத்திலிருந்து டேப்பை எடுத்தாள். நுனியைப் பார்த்தாள். அஞ்சு என்ற எண் பாதி வெட்டுப்பட்டு இருந்தது. கட்டிங் டேபிளில் விரித்து வைத்து, உள்ளங்கையால் நீவினாள். நான் காஜாவில் குனிந்துகொண்டேன். ஊசி எங்கே போகிறது என்று தெரியவில்லை.

“ரோட்டை இதாலதான் அளந்தீங்களா அண்ணி?”

“ஆமா.”

“அப்ப அது எவ்ளோ குறையும்?”

“பதிமூணு மீட்டர் முப்பது,” என்றேன்.

கேட்ட மாத்திரத்தில் வந்துவிட்டது. எண்ணவில்லை, யோசிக்கவில்லை, நோட்டை எடுக்கவில்லை. ஊர் பேர் கேட்டால் சொல்வது மாதிரிச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வாயை மூடினேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன், அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் டேப்பை மடித்து, பட்டன் கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு கறுப்புப் பட்டன் கோப்பையை எடுத்து மேஜையில் கவிழ்த்தாள். அடுத்து வெள்ளை, அடுத்து உடைந்தது. எல்லாம் உருண்டு தரையெங்கும் ஓடின. மூன்று கோப்பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

உள்ளறையிலிருந்து அப்பா குரல் கொடுத்தார். நனைத்துவிட்டார் போல.

நான் எழுந்து நின்று அவளைப் பார்த்தேன்.

“போங்க அண்ணி,” என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “தூக்குங்க. நான் தொண்ணூறு நொடி மூச்சு வாங்கிட்டு வரேன்.”

உள்ளே போனேன். அப்பாவின் அக்குளில் இரண்டு கையையும் கொடுத்துப் பாதி தூக்கி, என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டேன். அவர் கால் பக்கம் காலியாக இருந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். எண்பத்தைந்தில் நிறுத்தவில்லை, தொண்ணூறும் முழுசாக எண்ணினேன். அவள் வரவில்லை. அப்பா கனத்துக்கொண்டே வந்தார். மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணினேன்.